வேலை போய்விட்டதாக ஒரு கடிதம்

2008 அக்டோபரில் ஒரு நாள் மாலை, விஜயபாஸ்கர் வேலை உடுப்போடு மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனார். அபுதாபிக்குப் பக்கத்தில் முசஃபாவில், இரும்புச் சட்டங்களும் குழாய்களும் செய்கிற ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டில் அவர் வெல்டிங் இன்ஸ்பெக்டர். அறந்தாங்கியிலிருந்து வெல்டராக வந்து, ஃபோர்மேனாகி, பரீட்சை எழுதி இன்ஸ்பெக்டரானவர். கம்பெனி ஒரு பிக்கப் வண்டி கொடுத்திருந்தது. அபுதாபி டவுனில் மனைவி சரோஜாவோடும் மகள் அகிலாவோடும் ஃபிளாட்டில் இருந்தார். தொழிலாளர் கேம்ப்பில் எட்டுப் பேரோடு ஓர் அறையில் படுத்துக் கிடந்த காலத்தை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

அகிலா பன்னிரண்டாம் வகுப்பில் முதல் மாணவி. அமெரிக்காவில் உயிரியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து பட்டப்படிப்புக்கு அமெரிக்கா போனவர் அதுவரை யாரும் இல்லை. அதற்கான காகிதங்களை எல்லாம் பார்த்துக்கொண்டவர் கெமிஸ்ட்ரி மிஸ் மெஹர்பானு. கீழக்கரைக்காரர். யாரும் அவரிடம் ஒப்படைத்த வேலை இல்லை. பாடம் முடிந்ததும் லேப் மேஜையிலேயே உட்கார்ந்து, பிள்ளைகளுக்குச் சான்றிதழும் பரிந்துரைக் கடிதமும் தயார் செய்து கொடுப்பார்.

அன்றைக்குப் பேச்சு, எந்தக் கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பது என்பது. நவம்பர் ஒன்றாம் தேதிக்குள் ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டும் அப்படிப் போடலாம். டிசம்பர் நடுவில் முடிவு சொல்லிவிடுவார்கள். எடுத்துக்கொண்டால் கட்டாயம் அங்கேதான் போக வேண்டும். இந்த உறுதியைக் கொடுப்பவர்களுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பும் கூடுதல், உதவித்தொகையும் முதலில் அவர்களுக்குத்தான் என்று மிஸ் விளக்கினார். பென்சில்வேனியாவில் ஹாலோவெல் என்ற சின்னக் கல்லூரியை அவர் சொன்னார். அகிலாவும் அதைத்தான் கேட்டாள். முசஃபா கால்வாய் ஓரத்து அலையாத்திக் காடுகளைப் பற்றி அவள் கட்டுரை எழுதியிருந்தாள். அங்கே ஒரு பேராசிரியை அதே மரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

விஜயபாஸ்கருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. யார்டில் இரண்டு மூன்று பேரிடம் கேட்டுப் பார்த்திருந்தார், ஒருவருக்கும் தெரியவில்லை. ஸ்காட்லாந்துக்கார மேனேஜர்கூட உதட்டைப் பிதுக்கினார். எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பெரிய பல்கலைக்கழகத்துக்கே முன்கூட்டிப் போட்டால் என்ன என்று விஜயபாஸ்கர் மிஸ்ஸிடம் கேட்டார். உலகம் முழுக்க இருந்து அங்கே போடுகிறார்கள், இவளைப்போல முதல் மார்க் வாங்கியவர்களே ஆயிரக்கணக்கில் திரும்பிப் போகிறார்கள் என்றார் மிஸ். அகிலா தரையைப் பார்த்தபடி, தனக்கு ஹாலோவெல் போதும் என்றாள்.

மிஸ் படிவத்தை எடுத்து வைத்து, அதில் இருந்ததை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். மூன்று கையெழுத்து வேண்டும். மாணவி ஒன்று, பெற்றோர் ஒன்று, பள்ளிக்கூடத்தின் சார்பில் ஒன்று.

“கையெழுத்துப் போடறதுக்கு முந்தி நல்லா யோசிச்சுக்குங்க சார். எடுத்துட்டாங்கன்னா போயே ஆகணும். வேற எங்க போட்டிருந்தாலும் எழுதி விலகிக்கணும். நம்ம ஸ்கூல்லேர்ந்து அங்க போற முதல் பேப்பர் இது. இதை வச்சுத்தான் பின்னாடி வர்ற பிள்ளைங்களையும் பார்ப்பாங்க.”

“நான் ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதான் மேடம்” என்று விஜயபாஸ்கர் கையெழுத்துப் போட்டார். அகிலா போட்டாள். கடைசியாக மிஸ் போட்டு, பள்ளி முத்திரையையும் குத்தினார்.

ஆனாலும் அந்தப் பெரிய பெயர் அவர் மனதை விட்டுப் போகவில்லை. முடிவு வருவதற்குள் அதற்கும் ஒன்று போட்டு வைப்போம், வழக்கமான தேதிக்குத்தானே என்று டிசம்பர் முதல் வாரத்தில் மகளைப் போட வைத்தார். அதில் தப்பு ஒன்றும் இல்லை; விதியே அதற்கு இடம் தருகிறது. மிஸ்ஸும் சான்றிதழ்களை அனுப்பி வைத்தார்.

டிசம்பர் பதினாறாம் தேதி காலை ஹாலோவெல்லிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அகிலாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. படிப்புக்கும் தங்குவதற்கும் ஆகிற செலவில் பெரும்பகுதியைக் கல்லூரியே ஏற்றுக்கொள்ளும். சரோஜா அழுதாள். அகிலா மிஸ்ஸுக்குப் போன் செய்து, பேச முடியாமல் ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

விஜயபாஸ்கர் யார்டுக்கு லட்டு வாங்கிக்கொண்டு போனார். அமெரிக்காவா, பரவாயில்லையே என்று கை குலுக்கியவர்கள் எல்லோரும் எந்தக் கல்லூரி என்று கேட்டார்கள். பெயரைச் சொன்னதும் அவர்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்டோர் கீப்பர் ஒருவன் அது ஹோட்டல் மேனேஜ்மென்ட்டா என்று கேட்டான். பத்தாவது ஆளுக்குச் சொல்லும்போது விஜயபாஸ்கர் கல்லூரிப் பெயரை விட்டுவிட்டு, அமெரிக்கா என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், பெரிய இடத்து விண்ணப்பத்தை விலக்கிக்கொண்டாயா என்று மகளிடம் கேட்டார். இனிமேல்தான் என்றாள். அது பாட்டுக்குக் கிடக்கட்டும், எப்படியும் கிடைக்கப்போவதில்லை, கிடைக்காத ஒன்றை எதற்கு விலக்குவது என்றார். அகிலா விலக்காமலே விட்டாள். ஜனவரியில் பள்ளி திறந்து மிஸ் கேட்டபோது, “வித்ட்ரா பண்ணிட்டேன் மிஸ்” என்றாள். அதைச் சொன்ன அன்று அவளால் மதியச் சாப்பாட்டைச் சாப்பிட முடியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் வளைகுடா எங்கும் வேலைகள் போய்க்கொண்டிருந்தன. துபாயில் கட்டடங்கள் பாதியில் நின்றன. முசஃபாவில் சில யார்டுகளில் ஒரு ஷிஃப்டை நிறுத்திவிட்டார்கள். கேம்ப்புகளிலிருந்து விமான நிலையத்துக்கு பஸ் பஸ்ஸாக ஆட்கள் போனார்கள். விஜயபாஸ்கரின் கம்பெனிக்கு எண்ணெய்க் கம்பெனி வேலை கையில் இருந்ததால் அங்கே யாரையும் தொடவில்லை.

மார்ச் கடைசியில், பொதுத்தேர்வு முடிந்த கையோடு, பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அங்கேயும் இடம். அங்கேயும் உதவித்தொகை.

விஜயபாஸ்கர் அந்தக் கடிதத்தை அச்செடுத்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு யார்டுக்குப் போனார். மேனேஜர் எழுந்து நின்று கை கொடுத்தார். எச்.ஆர். பிரிவிலிருந்த எகிப்துக்காரர் “மப்ரூக், மப்ரூக்” என்று கட்டிக்கொண்டார். இருபது வருஷத்தில் அவருக்கு அப்படி ஒரு நாள் வந்ததில்லை.

அகிலாவுக்கும் ஆசை இல்லை என்று சொல்ல முடியாது. அவளும் அந்தக் கடிதத்தைப் பலமுறை திறந்து படித்தாள். ஆனால் சரோஜா ஒன்றுதான் கேட்டாள்: மெஹர்பானு மிஸ்ஸிடம் என்ன சொல்வது?

கொடுத்த உறுதியிலிருந்து விலக ஒரே ஒரு வழி இருப்பதாக விஜயபாஸ்கர் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தார். குடும்பத்தின் வருமானம் இல்லாமல் போய், கல்லூரி தருகிற உதவி போதாது என்றாகிவிட்டால் விடுவித்துவிடுவார்கள். ஊரெல்லாம் வேலை போகிற நேரம். யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்?

“வேற என்ன வேணா எழுதுங்க. வேலை போச்சுன்னு மட்டும் எழுதாதீங்க” என்றாள் சரோஜா.

“சும்மா பேப்பர்ல எழுதறதுதான்” என்றார் அவர். அவர் சொல்லச் சொல்ல அகிலா தட்டச்சு செய்தாள். கம்பெனி ஆட்குறைப்பில் தந்தைக்கு வேலை போய்விட்டது, அடுத்த மாதம் விசா ரத்தாகும், இந்த நிலையில் ஹாலோவெல்லுக்கு வர இயலாததற்கு மிகவும் வருந்துகிறோம், எங்களை விடுவிக்க வேண்டும். நடுவில் அவள் ஒருமுறை நிறுத்தி, “அப்பா, இது சரியில்லப்பா” என்றாள். அவர் அடுத்த வாக்கியத்தைச் சொன்னார். அவள் அதையும் அடித்தாள்.

பள்ளிக்கூடத்திலிருந்தும் ஒரு கடிதம் போக வேண்டியிருந்தது. விஜயபாஸ்கர் நேரில் போய் மெஹர்பானுவிடம் வேலை போய்விட்டது என்று சொன்னார். சொல்லும்போது குரல் தானாகவே தாழ்ந்தது. அவர் முகத்தைப் பார்த்த மிஸ் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, வீட்டு வாடகை எதுவரை கட்டியிருக்கிறது, சரோஜா எப்படி இருக்கிறார் என்றெல்லாம் கேட்டார். அன்றைக்கே கல்லூரிக்கு எழுதினார். இப்படி ஒரு நேர்மையான குடும்பத்தைத் தன் பணிக்காலத்தில் அதிகம் பார்த்ததில்லை, வேறு வழியில்லாமல்தான் கேட்கிறார்கள் என்று எழுதி, அதன் நகலை அகிலாவுக்கும் அனுப்பினார். அகிலா அதைத் தந்தைக்குப் படித்துக் காட்டவில்லை. அவராகவே பிறகு படித்தார்.

நான்கு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலையில், ஹாலோவெல்லிலிருந்து பதில் வந்தது. சேர்க்கை அலுவலகத்தில் அகிலாவின் கோப்பைப் பார்த்த பெண்மணி எழுதியிருந்தார். செய்தி கேட்டு அலுவலகத்தில் எல்லோரும் வருந்தினார்களாம். இந்த ஆண்டு பல குடும்பங்களுக்கு இப்படி நேர்ந்திருப்பதால் கல்லூரி தனியாக நிதி ஒதுக்கியிருக்கிறதாம். குடும்பத்தின் பங்காக இருந்த செலவையும் கல்லூரியே ஏற்கும். விமான டிக்கெட்டும் அனுப்பும். ‘உன் இடம் உனக்குத்தான். உன் அப்பாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்’ என்று முடித்திருந்தார்.

சிறிது நேரத்தில் மெஹர்பானு போன் செய்தார். அவருக்கும் நகல் வந்திருந்தது. அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பேசினார். சரோஜாதான் எடுத்தாள். சரி மிஸ், சரி மிஸ் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டுப் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விஜயபாஸ்கர் ஹாலில் உட்கார்ந்திருந்தார். இப்போது என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் எதிர்பார்த்தது ஒரு வரியில் விடுதலைக் கடிதம். அதற்குப் பதில் அறிமுகமில்லாத ஒரு பெண் அவருக்கு ஆறுதல் சொல்லியிருந்தார்.

பகல் பன்னிரண்டு மணி வாக்கில் கதவு தட்டப்பட்டது. வெளியே பொன்னுச்சாமி நின்றிருந்தான். பெரம்பலூர்க்காரன். பத்து வருஷத்துக்கு முன்பு வேறொரு கம்பெனியில் விஜயபாஸ்கரின் கீழே வெல்டராக இருந்தவன். இப்போது முசஃபாவில் இன்னொரு யார்டில் இருந்தான். பார்த்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம் வைத்திருந்தான்.

மெஹர்பானுவின் கணவர் செய்கு அலாவுதீன் முசஃபாவில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். கையுறையும் வெல்டிங் ராடும் வாங்க எல்லா யார்டு ஆட்களும் அங்கேதான் வருவார்கள். மனைவி சொன்னதைக் கேட்டு, விஜயபாஸ்கருக்கு ஒரு வேலை பார்க்க வேண்டும் என்று அவர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். அப்படித்தான் பொன்னுச்சாமி காதுக்குப் போயிருந்தது.

அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். நலம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கி, “கீழ கம்பெனி வண்டி நிக்குதுண்ணே. இன்னும் திருப்பிக் கேக்கலையா?” என்றான். “அவங்க கேக்கறதுக்குள்ள நாமளே கொண்டுபோய் விட்டுடணும்ணே. கேட்டு வாங்கினா மனசு ரொம்பக் கஷ்டப்படும்.”

விஜயபாஸ்கர் தலையை மட்டும் ஆட்டினார்.

பொன்னுச்சாமி சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து அவரிடம் கொடுத்தான். அதில் ஒரு போன் நம்பர் இருந்தது. ஓமானில், சோஹார் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு யார்டில் வெல்டிங் ஃபோர்மேன் வேலை காலியாக இருக்கிறது. ஒரே ஒரு விசாதான் இருக்கிறது என்றான். அங்கேயிருக்கும் சூப்பர்வைசர் தனக்குத் தெரிந்தவர். விஜயபாஸ்கரின் பெயரை நேற்றே சொல்லிவிட்டதாகவும் சொன்னான். இன்ஸ்பெக்டருக்கு ஃபோர்மேன் வேலை இறக்கம்தான், ஆனால் இப்போது இருக்கிற நிலைமையில் உள்ளே நுழைந்துவிட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

“உனக்கு எப்படிடா தெரிஞ்சது இந்த வேலை?” என்று கேட்டார் விஜயபாஸ்கர்.

அவன் ஆரஞ்சுப் பையை மேஜைமேல் வைத்தான். பிறகு, தன்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள் என்றான். அவனுடைய யார்டில் போன மாதமே அவனுக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். கேம்ப்பில் இந்த மாதக் கடைசிவரைக்கும்தான் இருக்கலாம்.

“நான் ஒத்தக்கட்டை மாதிரிண்ணே இங்க. ஊருக்குப் போய்க்கூட ஏதாச்சும் பண்ணிக்குவேன். நீங்க குடும்பத்தோட இருக்கீங்க. பாப்பா அமெரிக்காவுல படிக்கப் போகுதாம்ல. உங்ககிட்டதான் நான் ராடு புடிக்கவே கத்துக்கிட்டேன்.”

விஜயபாஸ்கர் கையில் இருந்த காகிதத்தை மேஜைமேல் வைத்தார், பிறகு எடுத்தார். அந்த நேரத்தில் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று பிற்பாடு அவரே தன்னைக் கேட்டுக்கொண்டதுண்டு. நன்றி சொல்லி அனுப்பியிருப்பாரோ என்ற பயம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

அகிலா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மாமா, அப்பாவுக்கு வேலை போகல” என்றாள்.

பொன்னுச்சாமி அவளைப் பார்த்தான். முதலில் அவனுக்கு முகம் மலர்ந்தது. “போகலையா? அட, அப்ப நல்லதாப் போச்சு. கடைக்காரர் யாரோ சொன்னதைத் தப்பாக் கேட்டுட்டாரு போலிருக்கு” என்றான். மற்ற இருவரும் சிரிக்காததால், அவன் சிரிப்பு மெல்ல அடங்கியது. அப்பாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

விஜயபாஸ்கர்தான் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. இரண்டு கல்லூரி, கொடுத்த கையெழுத்து, எழுதிய கடிதம், எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கிறவரை அவனை நேராகப் பார்க்க முடியவில்லை. அவன் கால் செருப்பில்லாமல் கார்பெட்டில் பட்டும் படாமலும் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்னுச்சாமி கோபப்படவில்லை. அந்தக் கல்லூரி விஷயம் அவனுக்கு முழுதாகப் புரிந்ததா என்பதும் தெரியவில்லை. அவன் கேட்டது ஒன்றுதான்: “அப்ப அந்த சோஹார் வேலைக்கு நான் திரும்பவும் சொல்லிப் பார்க்கலாமாண்ணே?”

உடனே போன் போட்டார்கள். விஜயபாஸ்கரே பேசினார். அந்த சூப்பர்வைசர் மலையாளி. தாமதமாகிவிட்டது என்றார். பொன்னுச்சாமி தனக்கு வேண்டாம் என்று நேற்றுச் சொன்னதும், புதிதாக ஒருவர் வந்து சேர்வதற்கு எத்தனை நாள் ஆகுமோ என்று யோசித்து, கையோடு இருந்த வேறொருவருக்கு விசாவுக்குப் பாஸ்போர்ட் காப்பி கொடுத்தாயிற்று என்றார். விஜயபாஸ்கர் ஹிந்தியிலும் மலையாளத்திலுமாகக் கெஞ்சினார். “கலாஸ் பாய்”, முடிந்துபோன விஷயம் என்று அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

பொன்னுச்சாமி சாப்பிடாமல் கிளம்பினான். சரோஜா கதவைத் திறந்து வெளியே வந்து எவ்வளவோ சொன்னாள். பசிக்கவில்லை அக்கா என்றான். ஆரஞ்சுப் பையை மட்டும் எடுத்துக்கொள்ள மறந்தவன்போல் விட்டுவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை விஜயபாஸ்கரும் அகிலாவும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். புது வகுப்புகள் தொடங்கியிருந்தன. லேப் காலியாகும்வரை வராந்தாவில் காத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் மெஹர்பானு வேகமாக வந்து அகிலாவைக் கட்டிக்கொண்டார். அவள் விலகி நின்று, தானே சொல்லத் தொடங்கினாள். ஜனவரியில் வித்ட்ரா பண்ணிவிட்டேன் என்று சொன்னதிலிருந்து தொடங்கினாள்.

மிஸ் ஸ்டூலில் உட்கார்ந்தார். முழுக்கக் கேட்டார். விஜயபாஸ்கர், பிள்ளைமேல் தப்பில்லை, எல்லாம் நான் சொல்லித்தான் என்றார். பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததைக் கேட்டபோது, ஓ என்று ஒரு சத்தம் வந்தது அவரிடமிருந்து. பிறகு விஜயபாஸ்கரைப் பார்த்துச் சொன்னார்.

“நீங்க வந்து சொன்ன அன்னிலேர்ந்து அஞ்சு வேளையும் உங்களுக்காக துஆ கேட்டேன் சார். என் பிள்ளைக்குக்கூட நான் அப்படிக் கேட்டதில்ல. அதை இப்ப நான் எப்படித் திரும்ப வாங்கிக்கிறது?”

விஜயபாஸ்கர் கையெடுத்துக் கும்பிட்டார். வேண்டாம் என்பதுபோல் மிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டு இடங்களுக்கும் உண்மையை நீங்களே எழுதுங்கள், நான் எழுதமாட்டேன். பொய் என்று தெரியாமல்தான் என் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன் என்பதை மட்டும் தனியாக எழுதுவேன் என்றார் மிஸ். அன்று மாலை அகிலாவே எழுதினாள். இந்த முறை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அனுப்புவதற்கு முன் தந்தையிடம் காட்டினாள். வேலை போனதாகச் சொன்னது பொய் என்று ஒரு வரி, அதைத் தட்டச்சு செய்தவள் நான்தான் என்று அடுத்த வரி. முதல் வரியில் ‘என் தந்தை’ என்று போடாமல் ‘நாங்கள்’ என்று போட்டிருந்தாள். அவர் அதைத் திருத்தச் சொன்னார். அவள் திருத்தவில்லை.

ஹாலோவெல் ஒரு வாரம் கழித்து நான்கு வரியில் பதில் எழுதியது. சேர்க்கை திரும்பப் பெறப்பட்டது. எழுதியவர் வேறு யாரோ. அந்தப் பெண்மணியின் பெயர் கீழே இல்லை. பெரிய பல்கலைக்கழகமும் மே மாதம் தன் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

யார்டில் எல்லோரும் மகள் எப்போது கிளம்புகிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். விசா கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அப்படிச் சொல்லத்தான் விஜயபாஸ்கர் நினைத்திருந்தார். மேனேஜர் கேட்டபோது, நாங்கள் ஒரு தவறு செய்தோம், அதனால் இடம் போய்விட்டது என்றார். என்ன தவறு என்று அந்த மனிதர் கேட்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அகிலா திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சேர்ந்தாள். பொன்னுச்சாமிக்காக விஜயபாஸ்கர் ஏறாத யார்டு இல்லை. தன் கம்பெனியில் எச்.ஆரிடம் தினமும் போய் நின்றார். புது ஆள் எடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். ஏப்ரல் முப்பதாம் தேதி பொன்னுச்சாமி கேம்ப் பஸ்ஸில் விமான நிலையத்துக்குப் போனான். விஜயபாஸ்கர் பிக்கப்பில் பின்னாலேயே போனார். அவன் வரிசையில் நின்றபடி, நீங்க எதுக்குண்ணே லீவு போட்டுட்டு வந்தீங்க என்றான். அந்த வருஷக் கடைசியில் சவூதியில் யான்புவில் ஒரு ரிஃபைனரி வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, விஜயபாஸ்கர் ஏஜென்ட்டைப் பிடித்து அவனை அதில் சேர்த்துவிட்டார். அது ஈடாகிவிட்டது என்று அவர் ஒருபோதும் நினைக்கவில்லை. எட்டு மாதம் அவன் ஊரில் என்ன செய்தான் என்று கேட்கவும் அவருக்குத் துணிவு வரவில்லை.

அதே வருஷம் அக்டோபரில் அஃப்னா என்று ஒரு பெண் ஹாலோவெல்லுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்று மெஹர்பானுவிடம் படிவத்தைக் கொண்டுபோனாளாம். அதில் நான் கையெழுத்துப் போடுவதில்லை, வழக்கமான தேதிக்குப் போடு, மற்றதெல்லாம் செய்து தருகிறேன் என்று மிஸ் சொல்லிவிட்டாராம். அகிலாவின் தோழி ஒருத்தி போனில் சொன்னது இது. அகிலா அதை அப்பாவிடம் சொன்னபோது, அவர் அந்தப் பெண் யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். தெரியாது என்றாள் அவள்.

செய்கு அலாவுதீனின் கடைக்கு விஜயபாஸ்கர் முன்போலவே போகிறார். போகாமல் இருந்துவிடலாம் என்று இரண்டு மாதம் வேறு கடையைத் தேடிப் பார்த்தார், முடியவில்லை. அலாவுதீன் எப்போதும்போல் எழுந்து சலாம் சொல்கிறார், டீ வரவழைக்கிறார். இந்த நாட்டில் யாரைப் பார்த்தாலும் எல்லோரும் முதலில் கேட்கிற அதே கேள்வியைத்தான் அவரும் கேட்கிறார்: “வேலையெல்லாம் எப்படிப் போகுது?”

நல்லாப் போகுது பாய் என்கிறார் விஜயபாஸ்கர், டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே.